எல்லாத்தையும் கலந்து அடி!

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் தை பிறந்தால் டிரம் பிறக்கிறது. நீல நிற பிளாஸ்டிக் டிரம். 200 லிட்டர். போர்வெல் தண்ணீர் நிரம்பியதும் அபிஷேகம் ஆரம்பம். இமிடாகுளோபிரிட் ஒரு பாட்டில். தயாமீத்தாக்சம் ஒரு பொட்டலம். அசிபேட் ஒரு பாக்கெட். பூசணத்துக்கு ஹெக்சகோனசோல். பூ உதிராமல் இருக்க போரான். காய் பிடிக்க 13:0:45 உரம். அதன் தலையில் பச்சை நிறத்தில் ஒரு டானிக். இத்தனையும் இலையில் ஒட்டிக்கொள்ள ஒரு பசைத் திரவம். கலக்குவதற்கு வேப்பங்குச்சி. இந்தத் தோப்பின் பயிர்ப் பாதுகாப்பில் வேம்புக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் அதுதான்.

மரத்தில் என்ன பூச்சி? தத்துப்பூச்சியா, இலைப்பேனா, பூங்கொத்துப் புழுவா? யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. எட்டுப் பேரை உள்ளே இறக்கிவிட்டால் ஒருவராவது வேலை செய்யமாட்டாரா என்பதுதான் சித்தாந்தம். நம் அமைச்சரவைகளும் இதே சித்தாந்தத்தில்தான் ஓடுகின்றன என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது.

விவசாயியைக் கிண்டல் செய்ய வரவில்லை. அவருக்குக் கணக்குத் தெரியும். வளர்ந்த மாமரத்தின் உச்சிக்குத் தெளிக்கப் பவர் ஸ்ப்ரேயர் வேண்டும், டீசல் வேண்டும், குழாய் இழுக்க ஓர் ஆள், அடிக்க ஓர் ஆள் வேண்டும். பூச்சிக்கு ஒரு நாள், பூசணத்துக்கு ஒரு நாள், சத்துக்கு ஒரு நாள் என்று மூன்று முறை போனால் மூன்று கூலி. ஒரே முறையில் முடித்தால் ஒரு கூலி. சேரக்கூடியதைச் சேர்த்து அடிப்பது குற்றமே இல்லை. உலகம் முழுக்கச் செய்கிறார்கள். எது எதோடு சேரும் என்று இங்கே யார் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பதில் ஊருக்கே தெரியும். விற்கிறவர் சொல்கிறார்.

"பூ கருகுதுண்ணா."

"எத்தனை மரம் தம்பி?"

அவ்வளவுதான் பரிசோதனை. எந்தக் கிளை, எந்தப் பக்கம், தேன் ஒழுகுகிறதா, கரும்படலம் பிடித்திருக்கிறதா, போன வாரம் என்ன அடித்தாய், எதுவும் கிடையாது. மரத்தின் எண்ணிக்கை தெரிந்தால் போதும், பில் போட்டுவிடலாம்.

"இதெல்லாம் ஒண்ணாக் கலக்கலாமாண்ணா?"

"எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறாங்க."

ஆராய்ச்சி முடிந்தது.

இந்த ஆராய்ச்சியாளரின் தகுதியைப் பற்றி அரசு கவலைப்படாமல் இல்லை. 2015-இல் மத்திய அரசு ஒரு விதி போட்டது. பூச்சிக்கொல்லி விற்பவர் வேளாண்மையோ வேதியியலோ அதுபோன்ற ஒன்றோ படித்துப் பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்றது. ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களுக்கு அவகாசம் கொடுத்தது. அவகாசம் முடிந்தது. மேலும் அவகாசம். அதுவும் முடிந்தது. மேலும் அவகாசம். கடைசியில், பழைய கடைக்காரர்களுக்குப் பன்னிரண்டு வார வகுப்பு போதும் என்று ஞானம் பிறந்தது. பல வருடப் பட்டப்படிப்பு பன்னிரண்டு வாரமாகச் சுருங்கிவிட்டது. இவ்வளவு வேகமாகச் சுருங்கிய வேறொன்று மாம்பழத்தின் விலைதான்.

இனி டிரம்முக்குள் எட்டிப் பார்ப்போம். மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள்.

இமிடாகுளோபிரிடும் தயாமீத்தாக்சமும் பெயரில்தான் இரண்டு. இரண்டும் ஒரே குடும்பம். பூச்சியின் நரம்பில் ஒரே இடத்தைத்தான் தாக்கும். இரண்டையும் சேர்த்து அடிப்பவர் இரண்டு ஆயுதம் எடுக்கவில்லை. ஒரே ஆயுதத்துக்கு இரண்டு முறை காசு கொடுத்திருக்கிறார். வாரம் தவறாமல் அதே இடத்தில் அடி வாங்கும் தத்துப்பூச்சியில் தாங்கிப் பிழைத்தவை மட்டும் குடும்பம் நடத்துகின்றன. மூன்றாம் வருடம் மருந்து கேட்காது. "வீரியம் போதவில்லை, அளவைக் கூட்டு" என்பார் கடைக்காரர். நாலாம் வருடம் புதுப் பெயரில் பழைய சரக்கு வரும். விலை மட்டும் புதுசு.

சத்துப் பக்கம் இன்னும் வேடிக்கை. கால்சியம் நைட்ரேட்டையும் துத்தநாக சல்பேட்டையும் கெட்டியாக ஒன்றாகக் கரைத்தால் அடியில் வெள்ளையாக ஏதோ படியும். அது ஜிப்சம். உர மூட்டையில் மலிவாகக் கிடைப்பதை, விலை உயர்ந்த இரண்டு பாக்கெட் வாங்கித் தன் டிரம்மிலேயே தயாரித்துக்கொள்கிறார் விவசாயி. நாசில் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க அந்த நாசிலை வாயில் வைத்து ஊதுகிற ஆட்களை எந்தத் தோப்பிலும் பார்க்கலாம். போர்டோக் கலவை சுண்ணாம்புக் காரம். அதோடு அசிபேட் மாதிரியான பாஸ்பரஸ் வகையைச் சேர்த்தால் மரத்துக்குப் போகுமுன் டிரம்மிலேயே சிதைய ஆரம்பித்துவிடும். கந்தகமும் எண்ணெயும் கூடினால் பூச்சிக்கு முன்னால் இலை கருகும். இயற்கை வழி என்று ஆசையாக வாங்கிய டிரைக்கோடெர்மாவைக் கார்பன்டாசிமோடு கலப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல பூஞ்சையைக் காசு கொடுத்து வாங்கி, அதைக் கொல்ல இன்னொரு காசு. சிக்கனம்!

இதைவிடக் கொடுமை, அடிக்கும் நேரம். மாம்பூவில் மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் ஈக்கள்தான். பூ விரிந்து நிற்கும்போது எட்டுச் சரக்கு மழை பெய்தால் ஈ மிஞ்சுமா? மிஞ்சாது. காய் பிடிக்காது. காய் பிடிக்கவில்லை என்று விவசாயி மறுபடி கடைக்குப் போவார். காய் பிடிக்கிற டானிக் தயாராக இருக்கும். ஈயைக் கொன்றவனும் கல்லா கட்டினான், ஈ செய்த வேலைக்குப் பாட்டில் விற்றவனும் கல்லா கட்டினான். இரண்டும் ஒரே கல்லா.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை தத்துப்பூச்சிக்கு எத்தனை தெளிப்பு சொல்கிறது தெரியுமா? இரண்டு. பூங்கொத்து வெளிவரும்போது ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று. அந்த இரண்டுக்கும் தோப்பில் நடப்பதற்கும் உள்ள இடைவெளியில்தான் ஒரு தொழிலே வாழ்கிறது.

சரி, சட்டம் என்ன செய்கிறது? சட்டம் மிகக் கண்டிப்பாக இருக்கிறது. தவறான இடத்தில்.

இரண்டு பூச்சிக்கொல்லிகளை ஒரே பாட்டிலில் அடைத்து ஒரு கம்பெனி விற்க வேண்டுமானால் மத்தியப் பதிவுக்குழுவிடம் போக வேண்டும். எந்தப் பயிர், எந்தப் பூச்சி, எவ்வளவு அளவு, எலிக்கு என்ன ஆயிற்று, மீனுக்கு என்ன ஆயிற்று, பழத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கட்டுக்கட்டாகக் காகிதம் வேண்டும். நியாயம். அதே இரண்டையும் இன்னும் ஆறையும் ஒரு டிரம்மில் கொட்டி வேப்பங்குச்சியால் கலக்க என்ன வேண்டும்? வேப்பங்குச்சி. அந்த எட்டும் கூடினால் மனிதனுக்கு என்ன செய்யும் என்று எந்த எலியிடமும் சோதித்ததில்லை. எலிக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு தெளிக்கிற ஆளுக்குக் கிடையாது.

பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது 1968-இல். புதுசாக ஒன்று வேண்டும் என்று 2008-இல் ஒரு மசோதா வந்தது. தூங்கியது. 2020-இல் இன்னொன்று வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது. அதே 2020 மே மாதம் 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யப்போவதாக மத்திய அரசு வரைவு ஆணை வெளியிட்டது. வீரம்! பிறகு ஆட்சேபம் கேட்டார்கள். குழு போட்டார்கள். 2023-இல் பார்த்தால் 27, 3 ஆகியிருந்தது. மோனோகுரோட்டோபாஸின் ஒரு வடிவத்துக்கு மட்டும் தனியாக விடைகொடுத்தார்கள். 27-இல் ஏன் மூன்று மட்டும் என்று உச்ச நீதிமன்றமே கேட்க வேண்டியிருந்தது. அந்த மோனோகுரோட்டோபாஸ்தான் 2013-இல் பிகாரில் பள்ளிக்கூட மதிய உணவில் கலந்து 23 குழந்தைகளைக் கொன்றது. 23 சவப்பெட்டியைப் பார்த்த பிறகு ஒரு கையெழுத்துக்குப் பத்து வருடம். கோப்பு மெதுவாகத்தான் நகரும். விஷம்தான் வேகமாக நகரும்.

மாநில அரசு தடை போடலாமே என்பீர்கள். போடலாம். 60 நாளுக்கு. அதிகபட்சம் இன்னும் 30 நாள் நீட்டலாம். அதற்குமேல் அதிகாரம் இல்லை என்கிறது 1968. தற்கொலைகளைத் தடுக்கத் தமிழக அரசு ஆறு பூச்சிக்கொல்லிகளுக்குத் தடை போட்டபோதும் கணக்கு அதே 60 நாள்தான். அறுபது நாள் அது விஷம். அறுபத்தோராம் நாள் அது மருந்து. சாக நினைப்பவர் காலண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தப் பச்சை டானிக்குக்கு வருவோம். கடல்பாசி, அமினோ அமிலம், ஹியூமிக் என்று லேபிளில் சொர்க்கமே எழுதியிருக்கும். உயிர் ஊக்கி என்பது சாஸ்திரப் பெயர். 2021-இல்தான் இவற்றை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் ஒரு கூட்டத்தில் ஒரு கணக்குச் சொன்னார். ஏறத்தாழ 30,000 உயிர் ஊக்கிகள் பல வருடமாகக் கேள்வி முறையின்றி விற்றுவந்தன. கடந்த நாலு வருடத்தில்கூட 8,000 புழங்கின. கெடுபிடி செய்த பிறகு அது சுமார் 650-க்கு வந்தது என்றார்.

நிதானமாகப் படியுங்கள். 30,000-இல் 650. இதை எதிர்க்கட்சிக்காரர் சொல்லவில்லை, துறை அமைச்சரே சொன்னார். அந்த 29,350-க்குக் காசு கொடுத்தவர்கள் யார்? அவர்களுக்குப் பணம் திரும்பியதா? விற்றவர் யாராவது உள்ளே போனாரா? இந்தக் கேள்விகளுக்கு அந்தக் கூட்டத்தில் நேரம் இல்லை போலும்.

அரசாங்கத்துக்கே ஒரு பாட்டில் மேல் காதல் வந்ததும் 2021-இல்தான். நானோ யூரியா. அரை லிட்டர் பாட்டில். 45 கிலோ யூரியா மூட்டைக்கு இது சமம் என்றார்கள். மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து; அதாவது 20 கிலோவுக்கு மேல். முதலில் வந்த அந்தப் பாட்டிலில் 4 சதவீதம். அதாவது 20 கிராம். கிலோவுக்கும் கிராமுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம் உண்டு என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்த வாத்தியார்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். நானோ என்றால் இலை முழுசாக வாங்கிக்கொள்ளும் என்றார்கள். வாங்கட்டும். இருபது கிராமை முழுசாக வாங்கினாலும் இருபது கிராம்தானே? பாட்டில் தானாக விற்கவில்லை. யூரியா மூட்டை கேட்டு வருகிறவர் தலையில் அதைக் கட்டினார்கள். பாட்டில் வாங்கினால்தான் மூட்டை. இந்தக் கட்டாயத்தை நிறுத்துங்கள் என்று 2025-இல் முதல்வர்களுக்கு அதே மத்திய அமைச்சர் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. தலையில் கட்டிய பாட்டிலை என்ன செய்வது? இருக்கவே இருக்கிறது டிரம். ஒன்பதாவது விருந்தாளி.

இதையெல்லாம் தவிர்க்க ஒரு வழி உண்டு. அதற்குத் தேவை ஒரு கண்ணாடி பாட்டில். டிரம்மில் போடும் அதே விகிதத்தில், அதே தண்ணீரில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிக் குலுக்கி அரை மணி நேரம் வையுங்கள். திரிந்தால், வண்டல் படிந்தால், எண்ணெய் தனியாக மிதந்தால், பாட்டில் சுட்டால், அது சேராத கூட்டணி. தெளிவாக இருந்தாலும் முழு நம்பிக்கை வேண்டாம், உள்ளே வீரியம் சிதைவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பாதி நாசம் அங்கேயே தெரிந்துவிடும். செலவு, காலியான ஒரு ஜூஸ் பாட்டில். இதை ஏன் எந்த இயக்கமும் ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டவில்லை? மானியம் இல்லை. ரிப்பன் இல்லை. டெண்டர் இல்லை. டெண்டர் இல்லாத ஞானம் இந்த நாட்டில் எந்தக் கிராமத்துக்கும் போய்ச் சேராது.

டிரோன் மட்டும் போய்ச் சேர்கிறது. மகளிர் குழுக்களுக்கு 15,000 டிரோன் கொடுக்க 1,261 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பெண்கள் கையில் டிரோன் வரட்டும், சந்தோஷம். அந்த டிரோனின் தொட்டியில் என்ன ஊற்றுவது என்று சொல்ல ஆள் இருக்கிறாரா? தோட்டக்கலை அலுவலருக்கு ஆயிரம் வேலை. மானியப் பட்டியல், புகைப்படம், செயலியில் பதிவேற்றம், இலக்கு, ஆய்வுக் கூட்டம். மாமரத்தைப் பார்க்க அவருக்கு ஆசைதான். மரத்துக்கு ஆதார் எண் இல்லையே.

டிரம்மின் இன்னொரு முனையில் ஒரு மனிதன் நிற்கிறான். மூக்கில் துண்டு. காலில் ஹவாய் செருப்பு. சித்திரை வெயிலில் ரெயின்கோட் மாதிரி உடை போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொல்கிறது லேபிள். அந்த லேபிளை எழுதியவரை ஒரு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்ல வேண்டும், குளிர்சாதன அறைக்கு வெளியே. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். கலவைகளும் சந்திக்கு வந்தன. பாதுகாப்பு உடை போடவில்லை, எச்சரிக்கையாக இல்லை என்று பழி செத்தவர்கள் தலையிலும் விழுந்தது. செத்தவர் மறுப்பு அறிக்கை விடமாட்டார் என்பது எவ்வளவு வசதி!

காசர்கோட்டில் இன்னும் பெரிய கூத்து. அங்கே முந்திரித் தோட்டத்துக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தது கடன்பட்ட விவசாயி இல்லை. கேரள அரசின் தோட்டக் கழகம். 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை. 2017-இல் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் தலா 5 லட்சம் ரூபாய் கொடு என்றது. 2022-இல் அதே நீதிமன்றம், ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று குட்டியது. தெளிக்க ஹெலிகாப்டர். இழப்பீட்டுக்கு மாட்டு வண்டி.

தின்கிற நமக்கு வருவோம். 2010-இல் இந்தியத் திராட்சையில் குளோர்மெக்வாட் எச்சம் இருக்கிறதென்று ஐரோப்பா கையை விரித்தது. டெல்லி பதறியது. ஏற்றுமதித் தோட்டம் என்றால் பதிவு எண், அறுவடைக்கு முன் மாதிரி, ஆய்வகச் சான்று எல்லாம் உண்டு. நல்லது. அதே கவனம் கோயம்பேட்டுக்கு வரும் பழத்துக்கு உண்டா? ஜெர்மன் குழந்தைக்கு ஒரு வயிறு, ஜோலார்பேட்டை குழந்தைக்கு ஒரு வயிறா? ஒவ்வொரு கோடையிலும் கோயம்பேட்டில் சோதனை நடப்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். கார்பைடு கல்லில் பழுத்த மாம்பழம் பறிமுதல், குப்பை லாரி, கேமரா. கார்பைடு தப்புதான். அது பழத்தோடு இருந்தது கடைசிச் சில நாள். அதற்கு முன்னால் நாலு மாதம் அந்தப் பழம் எதில் குளித்தது என்று கேட்க எந்தக் கேமராவும் தோப்புக்கு வந்ததில்லை.

இவ்வளவும் செலவழித்துக் காய்த்த பழத்துக்கு என்ன கிடைத்தது? 2025 கோடையில் கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா ரக மாங்காய் கிலோ ஐந்தாறு ரூபாய்க்கு விழுந்தது. கூழ் ஆலைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பறிக்கிற கூலிக்குக் கட்டாது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. கிருஷ்ணகிரியில் வருடா வருடம் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி மட்டும் நடக்கும். பழத்துக்கு மேடை உண்டு, விலைதான் இல்லை. அந்தத் தோப்பில் விழுந்த ஒவ்வொரு பூச்சிக்கொல்லி பாட்டிலுக்கும் கம்பெனி லாபம் பார்த்தது. டீலர் கமிஷன் பார்த்தார். அரசு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பார்த்தது. பழம் விற்றாலும் விற்காவிட்டாலும் வரி வந்துவிட்டது. பூச்சி ஒழிந்தால் நட்டம் யாருக்கென்று இப்போது புரிகிறதா?

கோடிகள் கேட்கவில்லை. இரண்டு காரியம் போதும். எந்தப் பயிர், எந்தப் பூச்சி, எதோடு எதைக் கலக்கச் சொன்னேன் என்று கடைக்காரர் பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தோப்பு கருகினால் அந்தக் கையெழுத்து பதில் சொல்லட்டும். பூக்கும் மூன்று மாதத்துக்குத் தோட்டக்கலை அலுவலரிடமிருந்து செயலிகளைப் பிடுங்கிவிட்டு அவரைத் தோப்புக்கு அனுப்ப வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம், கமிட்டி என்று இழுப்பார்கள், நிதி இல்லை என்பார்கள், நடைமுறைச் சிக்கல் என்பார்கள். நம்பாதீர்கள். அமைச்சர்கள் விற்பனையாளர் சங்கத்தின் போனை ஒரே ஒரு வாரம் எடுக்காமல் இருந்தால் போதும், காரியம் முடிந்துவிடும். எடுப்பார்கள்.